கூட்டுக் கணக்கில் இரண்டாவது பெயர்

2025 மே 20, செவ்வாய்

நிலையான வைப்பு முதிர்ந்துவிட்டது என்று வங்கியிலிருந்து கடிதம். புதுப்பித்தால் தரப்போகும் வட்டியைப் பார்த்தேன். மருந்துக்கும் மின்சாரத்துக்குமே காணாது. கடிதத்தில் 'முதிர்ச்சி' என்பதை 'முதிற்சி' என்று அடித்திருக்கிறார்கள். அரசாங்க அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை பார்த்தவளுக்கு இப்படி ஒரு கடிதம்.

புதுப்பிக்கப் போவதில்லை. பாதியைப் பங்குகளில் போடுவேன். நல்ல கொம்பனிகளாக நாலைந்து, வருடத்தில் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, பிறகு தொடாமல் வைத்திருப்பது. என் கணவர் நவரத்தினம் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் வைத்திருந்தார். கடைசியில் ஒரே காலையில் எல்லாவற்றையும் விற்றார். அதை நான் செய்ய மாட்டேன்.

எழுபத்தாறு வயதில் 'நீண்ட காலம்' என்று சொல்ல வெட்கமாக இல்லையா? இல்லை.

ஒன்பது இருபதுக்கு முன்னறையில் அவர் தொண்டையைச் செருமினார். சந்தை திறக்க முன் தரகரோடு கதைக்கிற நேரம் அது. அவர் போய் மூன்று வருடமாகிறது. செருமல் மட்டும் போகவில்லை. ஒருவரிடமும் சொல்வதில்லை, சொன்னால் டொக்டரிடம் கூட்டிப் போவார்கள்.

மே 23, வெள்ளி

அடுத்த வீட்டு ஜெஸீமா வட்டிலாப்பம் கொண்டு வந்தார். பழைய தரகுக் கொம்பனியை விட்டுவிட்டு வேறொன்று தேடுகிறேன் என்றேன். உடனே கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏன் அன்ரி நீங்க கோட்டைக்குப் போய் படி ஏறி எறங்குற? என்ட மகன் ஜவாத் இந்த போன்லயே பங்கு வாங்குற எப் ஒண்டு போட்டுத் தந்தீக்கி. கொமிஷன் பாதிதான். ஒத்தரும் கோல் எடுத்து கரச்சல் குடுக்கிறதும் இல்ல."

"ஆலோசனை ஆர் சொல்லுறது?"

"ஆலோசனை செல்ற ஆள் சரியா செல்லுவாருண்டா, அவரு ஏன் இன்னும் பஸ்ல வாரார்?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வட்டிலாப்பத்தில் ஏலம் அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

மே 24, சனி

செருமல். வானொலியைக் கூட்டி வைத்தேன்.

மே 28, புதன்

பம்பலப்பிட்டியில் வங்கியோடு சேர்ந்த ஒரு தரகுக் கொம்பனிக்குப் போனேன். குளிரூட்டி, கோப்பி, கழுத்தில் ரை கட்டிய பொடியன். "மேடம், மாதத்துக்கு எத்தனை தரம் வாங்கி விற்பீர்கள்?" என்றான். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு இரண்டு, விற்பது இல்லை என்றேன். கோப்பிக் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொள்வானோ என்று பார்த்தேன்.

அந்த ஒரு கேள்வியிலேயே விளங்கிவிட்டது. நான் அடிக்கடி கை மாற்றினால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. சிறு தொகைக்கு வாங்கினாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் வெட்டுவார்கள். என்னைப் போல் கொஞ்சமாக வாங்குபவளுக்கு அது கொமிஷனை விடப் பெரிய ஓட்டை. ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. எந்தத் தரகரிடம் போனாலும் பங்குகள் மத்திய வைப்பகத்தில் என் பெயரில்தான் கிடக்கும். தரகர் வாசல்காரன் மாத்திரம். அப்படியானால் வாசல்காரனுக்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஜூன் 1, ஞாயிறு

கொட்டாஞ்சேனையிலிருந்து சுகிர்தன் வந்தான். ஞாயிறு தவறாமல் வருகிறான். மரக்கறிப் பையை வைப்பான், நின்றபடி தேத்தண்ணி குடிப்பான், போவான். இருப்பதில்லை. பெற்ற பிள்ளை என் வீட்டில் தபால்காரன் மாதிரி நிற்கிறான்.

பங்கு வாங்கப் போவதைச் சொன்னேன்.

"அப்பா வித்தழிச்சது காணாதே அம்மா?"

"அது அப்பா. இது நான்."

"ஓம், நீங்கள்தான் பிழையே விடமாட்டியளே."

அதில் குத்தல் இருந்ததா? சொன்னது சரிதானே என்று விட்டுவிட்டேன்.

அவன் கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பங்குகளைக் கொண்டு அவனுக்கு ஒரு வீட்டுக்கு முற்பணம் கொடுப்பதாகத் தகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். 2022 மார்ச் முடிவில், நாடே இருண்டு கிடந்து சந்தை விழுந்துகொண்டிருந்தபோது, எல்லாம் அடிமட்ட விலைக்கு விற்கப்பட்டது. அவர் அப்போது படுக்கையில். போனில் விற்றிருக்கிறார். ஏப்ரலில் கணக்குக் கூற்று வந்தபோது நான்தான் உறையைப் பிரித்தேன். நான்தான் சுகிர்தனுக்குப் போன் எடுத்து, "உன்ரை கொப்பர் எல்லாத்தையும் வித்திட்டார்" என்றேன். பிறகுதான் அவரிடம் நீட்டினேன். கனநேரம் கடதாசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நடந்தது நடந்திட்டுது, விடும்" என்றார். அவ்வளவுதான். ஒன்பது நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. ஜூனில் போய்விட்டார்.

சுகிர்தன் இன்னும் வாடகை வீட்டில்.

ஜூன் 5, வியாழன்

ஜவாத் போனில் போட்டுக் கொடுத்த கொம்பனிக்கு வெள்ளவத்தையிலேயே, காலிக்குப் போகும் பெருவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, சின்னதாக ஒரு அலுவலகம் இருக்கிறது. சாம்பவி என்ற பிள்ளை இருந்தாள். பதினொரு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். சும்மா கிடக்கும் கணக்குக்கு வருடக் கட்டணம் உண்டா? சிறு தொகைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா? பங்கிலாபம் நேரே வங்கிக்குப் போகுமா? நாளைக்கு நீங்கள் கடையை மூடினால் நான் எங்கே போவது? ஒன்பதுக்குப் பதில் சொன்னாள். மிச்சம் இரண்டையும் எழுதி வைத்து, "விசாரிச்சுச் சொல்லுறன் அன்ரி, எனக்குத் தெரியாது" என்றாள். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவளிடம் காசைக் கொடுக்கலாம்.

படிவத்தில் இரண்டாவது பெயருக்கு ஒரு பெட்டி இருந்தது. குறுக்கே கோடு கீறினேன்.

பழைய கொம்பனியில் எங்கள் இருவர் பெயரிலும் இருந்த கணக்கில், அந்த விற்பனையில் சேராமல் உதிரியாக மிஞ்சிய கொஞ்சப் பங்கு கிடக்கிறது. அதை இங்கே மாற்ற அவர்களுடைய கடிதம் வேண்டும். மற்றதெல்லாம் எப்படி விற்றுப்போனது என்று சொல்லும்படி ஆனது. அப்போது அந்தப் பிள்ளை சொன்னாள்: "போனிலை குடுக்கிற ஓடர் எல்லாம் ரெக்கோட் ஆகும். வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

காலி வீதியைக் கடக்க முடியாமல் கடவையில் கொஞ்ச நேரம் நின்றேன். அவருடைய குரல் எங்கேயோ இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு பதிவும் இல்லை. படம் எடுக்கவே ஒளிந்துகொள்கிற மனிதர். மூன்று வருடமாக எனக்கு அந்தச் செருமல் மட்டும்தான்.

விற்றதற்கு அத்தாட்சி வேண்டுமா, குரல் வேண்டுமா? இரண்டும்தான்.

ஜூன் 6, வெள்ளி

றேமண்டுக்குப் போன் எடுத்தேன். பழைய கொம்பனியில் எங்கள் கணக்கைப் பார்த்த தரகன், கொட்டாஞ்சேனை ஆள். இருபது வருடமாகக் காலையில் போன் எடுத்துக் கதைப்பான்.

"வேணாமே அன்ரி. பழசக் கிளறி என்ன செய்யப் போறீங்க?"

"நான் கேட்டது ஒலிப்பதிவு, றேமண்ட். புத்திமதி இல்லை."

"சரி. வியாழக்கெழம வாங்க."

எதையோ மறைக்கிறான். விடமாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கோட்டை. கண்ணாடி அறை. நீலச் சேலை உடுத்துப் போனேன், அவருக்குப் பிடித்தது. என்ன பைத்தியம். றேமண்ட் எதிரே இருந்தான். தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டது. காதில் மாட்டுகிறதைத் தந்தான். 2022 மார்ச் 30, காலை ஒன்பது இருபது.

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்ரி, அங்கிள் இருக்காரா?"

"படுத்திருக்கிறார்."

அந்தக் குரல் என்னுடையது.

"மார்க்கெட் நல்லா இல்ல அன்ரி. இன்னும் விழும்னு சொல்றாங்க."

"ஓம்."

"இப்ப வித்துட்டா, கீழ வந்ததும் திரும்ப வாங்கிக்கலாம்."

"ஓம், ஓம்."

பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பின் இரைச்சல். காஸ் இல்லாத காலம், பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய் தீர முன் அவருக்குக் கஞ்சி வைத்துவிட வேண்டும் என்று அவசரம்.

"அப்ப பேங்க் பங்கு முழுசாப் போட்டுடவா?"

"ஓம்."

"மத்த ரெண்டையும்?"

"ஓம், சொல்லும், சொல்லும்."

பிறகு தூரத்தில், அறைக்குள்ளிருந்து, அவர்: "ஆர் போனிலை?"

நான்: "றேமண்ட். சும்மா அலட்டுறான்." போனுக்குள்: "சரி சரி, வைக்கிறன்."

முடிந்தது. ஒரு நிமிடமும் சொச்சமும். திரும்பப் போடச் சொன்னேன். நாலு தரம் கேட்டேன். 'ஆர் போனிலை.' இரண்டே சொல். குரல் களைத்திருந்தது, ஆனால் அவர்தான்.

றேமண்ட் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நம்ம வீட்ல கேட்டுக்கிட்டு இருக்கோம்னா 'ம்'னு சொல்லுவோம் அன்ரி. சம்மதம்னா 'ஆமா'. உங்க ஆக்கள் ஆமாவுக்கு 'ஓம்' சொல்வாங்கன்னு பழகிட்டேன். அங்கிளும் ஓடர் குடுக்கிறப்ப 'ஓம்'னுதான் சொல்வார்."

"எங்கடை ஆக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுறது."

அவன் காதில் மாட்டுகிறதன் வயரைச் சுற்றத் தொடங்கினான்.

"கணக்கை நடத்தினது அவர் எல்லோ? நான் சொன்னால் போதுமோ?"

"ரெண்டு பேர் பேர்லயும் அன்ரி. ஒருத்தர் சொன்னாப் போதும்னு கையெழுத்து இருக்கு." காட்டினான். என் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக.

எழும்பப் போனேன். அப்போது சொன்னான், கேட்காமலே. "ஏப்ரல்ல அங்கிள் எனக்குக் கோல் எடுத்தார். யாரு சொல்லி வித்தேன்னு கேட்டார். சொன்னேன். 'சரி தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்'னார். அதான் வேணாம்னேன்."

ஜூன் 13, வெள்ளி

இன்று செருமல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

சுகிர்தன் வந்தான். கத்தரிக்காய், பயற்றங்காய். தேத்தண்ணி கொடுத்தேன். சொல்லவில்லை.

நான் படித்த கொன்வென்றில் சிஸ்டர் வெறும் 'யெஸ்' சொன்னால் வாசலில் நிற்க வைப்பார். கேட்ட கேள்விக்கு முழு வசனத்தில் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லியே நான் சுகிர்தனை வளர்த்தேன். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் கண்டுபிடித்தேன். என் வாயால் போன சொல்லை நான் ஒரு தரமாவது திருப்பிப் பார்த்தேனா?

அந்த ஒன்பது நாள். கட்டிலருகே கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவேன். அவருக்கு எல்லாம் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஏன் சொல்லேல்லை? ஒருக்கால் சொல்லியிருக்கலாமே, 'அது நீர்தான்' எண்டு. நான் தாங்கமாட்டன் எண்டு நினைச்சாரோ? நம்பமாட்டன் எண்டு நினைச்சாரோ? நம்பியிருக்க மாட்டன். ரெக்கோட்டைக் கேட்டாலும் றேமண்டிலை பிழை பிடிச்சிருப்பன். அது அவருக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க ஆளில்லை. ஆனால் மகன் இருக்கிறான். அவன் இன்னும் தகப்பனைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் நிற்கிறான்.

ஜூன் 22, ஞாயிறு

சொன்னேன். முழு வசனங்களில்.

அவன் கையில் கோப்பை. நான் முடிக்கும்வரை குடிக்கவில்லை. முடிந்ததும் கேட்டான்:

"அப்பாவின்ரை கடைசி ரெண்டு மாசமும் நான் ஏன் இஞ்சை வரேல்லை எண்டு தெரியுமே?"

"பெற்றோல் இல்லை எண்டு சொன்னனி."

"பெற்றோல் இருந்தது அம்மா. ராங்கிலை கால்வாசி இருந்தது. வந்தால் அவரை ஏதும் கேட்டிடுவன் எண்டு வரேல்லை. போனிலையும் கதைக்கேல்லை. நீங்கள் சொன்னதை வைச்சு."

கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் கீழ்த்தட்டுவரை கேட்டது. கொட்டாஞ்சேனை இங்கிருந்து எத்தனை தூரம்? ஒரு பஸ். 2022இல் அவர் ஒவ்வொரு ஞாயிறும் சவரம் செய்துவிடச் சொல்லிக் கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இப்போது எந்தப் பெற்றோல் நிரப்பு நிலையத்திலும் வரிசை இல்லை. அவன் வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

துணிக்கடை மாடிக்கு மறுபடி போனேன். காசை வங்கியில் சும்மா விட்டு வைப்பதா என்று இரண்டு கிழமை யோசித்தேன். பயம் என்பது முதலீட்டு முறை இல்லை. ஆனால் முதல் யோசித்தது போலவும் செய்ய முடியாது. கொமிஷன் குறைவு, போன் எடுத்துத் தொல்லை கொடுக்க ஆளில்லை என்று சந்தோஷப்பட்டேன். காப்பாற்ற வேண்டியது றேமண்டிடமிருந்து என்று நினைத்திருந்தேன். இப்போது விளங்குகிறது, என்னிடமிருந்து.

சாம்பவியிடம் கேட்டேன்: "நான் கவனமில்லாமல் ஒண்டை அமத்திப்போட்டால்?"

"ரெண்டாந்தரம் கேக்கும் அன்ரி."

"ரெண்டாந்தரமும் அமத்துவன். என்னை எனக்குத் தெரியும்."

சிரிக்காமல் யோசித்தாள். நல்ல பிள்ளை. கூட்டுக் கணக்காக எடுத்தால், ஒருவர் போதும் என்றோ இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றோ தெரிவு செய்யலாமாம். இருவரும் என்றால், நான் போடும் ஓடர் மற்றவரின் கைப்பேசிக்குப் போய், அவர் சம்மதித்த பிறகே சந்தைக்குப் போகும். அன்றைக்குச் சம்மதிக்காவிட்டால் காலாவதி. கட்டணம் ஒன்றுதான்.

புதுப் படிவம் ஒன்று வாங்கினேன்.

ஜூலை 6, ஞாயிறு

மருமகள் தாரிகா தனியே வந்தாள். மரக்கறிப் பை. அவன் அனுப்பியிருக்கிறான், கறிவேப்பிலையைத் தனியாகக் கடதாசியில் சுற்றியிருந்தது, அது அவன் பழக்கம்.

"கோவமோ?" என்றேன்.

"கோவமெண்டால் சத்தம் போடுவார் மாமி. இது அது இல்லை. ராவிலை எழும்பி இருக்கிறார். நான் கேட்டால் கணக்குப் பாக்கிறன் எண்டுறார். கணக்குக் கொப்பியும் இல்லை, ஒண்டும் இல்லை."

படிவத்தைக் கொடுத்தனுப்பினேன். முதலாவது பெட்டியில் என் பெயர். இரண்டாவதை விட்டுவிட்டேன். கீழே ஒருவர், இருவரும் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. அதையும் நான் தொடவில்லை. துண்டில் எழுதினேன்: 'இது உனக்கு முற்பணம் ஆகாது. அவ்வளவு இல்லை. அப்பாவின் முறைப்படி வாங்கி வைத்திருக்கப் பார்க்கிறேன். விரும்பினால் எழுது. விரும்பாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பு. அம்மா.'

மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் மடித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒன்றும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

தாரிகா அலுவலகத்தால் போகிற வழியில் படிவத்தைத் தந்துவிட்டுப் போனாள். கதவை மூடிவிட்டுப் பிரித்தேன்.

நவரத்தினம் சுகிர்தன். கறுப்பு மை. பெட்டிக்கு வெளியே ஓர் எழுத்தும் போகவில்லை. 'இருவரும்' என்ற கட்டத்தில் சரி போட்டிருந்தான். அழுத்திப் போட்டதில் கடதாசி பின்பக்கம் புடைத்திருந்தது.

முதலில் சுட்டது. பெற்ற தாயை நம்பவில்லை. பிறகு விரலால் அந்தப் புடைப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒருவர் போதும் என்று போட்டிருந்தால் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை, என்னை மறந்துவிட்டு இருந்திருக்கலாம். இப்படிப் போட்டால் ஒவ்வொரு தரமும் அவன் பார்த்தாக வேண்டும்.

துண்டுக்குப் பதில் இல்லை.

ஜூலை 30, புதன்

முதல் ஓடர். ஜெஸீமா பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுக்க வந்தார். நானே செய்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பழைய கொம்பனிகளில் ஒன்று, அவர் முதன்முதல் வாங்கியது. விலை அன்று விற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வாங்கத்தான் வேண்டும். எண்ணிக்கையை அடித்தேன், வாசித்தேன், மறுபடி வாசித்தேன், அமத்தினேன். மற்றவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. அப்போது பதினொரு மணி.

பன்னிரண்டு. ஒரு மணி. சாப்பிட மனம் வரவில்லை. இரண்டரைக்குச் சந்தை மூடிவிடும்.

ஒன்றரைக்கு வீட்டுப் போன் அடித்தது. சுகிர்தன். ஐந்து கிழமைக்குப் பிறகு.

"அம்மா, ஓடர் ஒண்டு வந்து கிடக்கு."

"ஓடர் போட்டது நான்தான். பதினொரு மணிக்குப் போட்டனான்."

"ஏன் இந்தக் கொம்பனி? அப்பா ஏன் இதை முதலிலை வாங்கினவர்?"

அப்பாவைப் பற்றி அறிய விரும்பி இந்த மூன்று வருடத்தில் அவன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

சொன்னேன். அது 1991. அந்தக் கொம்பனியின் தொழிற்சாலை கொலன்னாவையில். ஆண்டறிக்கையை நம்பாமல், இரண்டு சனிக்கிழமை வெளிவாசலுக்கு எதிரே நின்று, எத்தனை லொறி வெளியே போகிறது என்று சிகரெட் பெட்டியில் எழுதினார். பக்கத்தில் எண்ணெய்த் தாங்கிகள். அந்தப் போர்க் காலத்தில், ஒரு தமிழர், அங்கே நின்றுகொண்டு லொறி எண்ணுகிறார். இரண்டாம் சனி பொலிஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"என்ன சொல்லுறியள்? ஜெயிலிலையோ?"

"ஸ்ரேஷனிலை, பின்னேரம் வரைக்கும். நான் உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு அடையாள அட்டையோடை ஓடினனான். போய்ப் பாத்தால் இவர் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்திலை கதிரை போட்டிருந்து பங்கெண்டால் என்ன எண்டு விளங்கப்படுத்திறார். அந்தாள் சிங்களத்திலை கேக்குது, 'மஹத்தயா, அப்ப நானும் வாங்கலாமோ?' எண்டு."

மறுமுனையில் ஒரு சத்தம். இருமுகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். பிறகு சிரிப்பு மாதிரி இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "இன்ஸ்பெக்டர் வாங்கினவரோ?" என்றான்.

"வாங்கினவர். கொப்பர்தான் படிவம் நிரப்பிக் குடுத்தவர்."

இன்னும் கேட்டான். அவர் எப்படித் தெரிவு செய்வார், எந்த வருடம் எதை வாங்கினார், அந்தச் சிகரெட் பெட்டியில் என்ன எழுதியிருந்தது, அவர் சிகரெட் குடித்தாரா. குடித்தார், எனக்குத் தெரியாமல் என்று அவர் நினைத்துக்கொண்டு. நான் சொல்லச் சொல்ல அவன் அலுவலகத்தில் யாரோ கூப்பிடுவது கேட்டது. "கொஞ்சம் நில்லுங்கோ" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, "சொல்லுங்கோ அம்மா" என்றான்.

போனை வைக்கும்போது மூன்று மணியாகிவிட்டது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஓடர் காலாவதியாகிவிட்டது.

நாளைக்குத் திரும்பப் போட வேண்டும்.